நிஜ அளவில் ஒரு தெரு

தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது ஒரே வரி:
"பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது, இரவு 7.10 முதல் 11.40 வரை."
நகராட்சி எழுத்தர் அவ்வளவுதான் எழுதலாம்.
மீதி இங்கே.

ஆஷ்மியர் ரயில் நிலையத்தை ஒட்டி
முந்நூற்றுப் பன்னிரண்டு கார்கள் நிற்கும் தார்வெளி.
காலை ஆறரைக்கு நிரம்பிவிடும்.
மாநகருக்குப் போனவர்கள் திரும்பும்வரை
கார்கள் மட்டுமே குடியிருக்கும் ஊர்.
எதிரே மெயின் தெருவில்
பூட்டிய செருப்புக்கடை, பூட்டிய வங்கி,
'வாடகைக்கு' என்ற பலகையே வெளுத்துப்போன தியேட்டர்,
அதற்கப்புறம் ஒடிலியாவின் புப்புசாக் கடை.
மதியம் அங்கே சாப்பிட வருகிறவர்கள்
தெருவைக் கடக்கவும் காரில்தான் வருவார்கள்.
நானும்தான்.

மூன்று ஆண்டுகளில் மூன்று வரைபடங்கள் வந்தன.
எல்லாவற்றிலும் மரங்கள் ஒரே உயரம்,
மனிதர்கள் எல்லோரும் ஒல்லி,
எல்லோர் கையிலும் காப்பி.
எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட அந்தப் படங்களில் நடக்கவில்லை.
நான்கு மாடி என்றால் வானம் போச்சு என்றார் ஒருவர்.
இரண்டு என்றால் வாடகை கட்டுப்படியாகாது என்றார் இன்னொருவர்.
பள்ளிக்கூடம் தாங்காது, சாக்கடை தாங்காது.
"முப்பத்தோரு வயதில் என் மகன்
என் வீட்டு நிலவறையில் தூங்குகிறான்,
அதை யார் தாங்குவது?"
என்று கேட்டார் பெர்னதெத் கீன்.
எழுதிக்கொண்டேன்.
தலைவர் அடித்துவிடச் சொன்னார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை
ஒடிலியா, பெர்னதெத்,
நூலகத்தில் இரவு வகுப்பெடுக்கும் திமோன் ஆர்ச்சர்,
மூவரும் பதினான்கு கார் இடங்களுக்குச் சில்லறை போட்டார்கள்.
எதற்கென்று மீட்டர் கேட்பதில்லை.
கட்டங்களுக்குள் சுண்ணக்கட்டியால்
ஒரு தெரு வரைந்தார்கள், நிஜ அளவில்.
இது கதவு. இது மாடிப்படி. இங்கே சலூன்.
இது ஒற்றை அறை வீடு,
உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள் என்றார் திமோன்.
பெர்னதெத்தின் மகன் படுத்தான்.
கால் நீட்ட இடமிருந்தது.

பத்து மணிக்கு ரஸ்ஸல் ஹாலெக் வந்தார்.
'ஆஷ்மியரை ஆஷ்மியராக விடுங்கள்' என்று
நானூறு புல்வெளிகளில் அட்டை நட்டவர்.
ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கினார்.
"நடைபாதை அஞ்சடி போட்டிருக்கீங்க.
சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் எதிரெதிரே வந்தா
எது தார்ல இறங்குறது?"
யாரிடமும் பதிலில்லை.
இறங்கி, டிக்கியைத் திறந்து, டேப்பை எடுத்தார்.

மூன்று ஆண்டுகளாக அந்த மன்றத்தில்
எல்லோரும்தான் அளந்தோம்.
டேப் வைத்து அளந்தது அன்றுதான்.

ஒரு முனையை ஒடிலியாவிடம் கொடுத்தார்.
"இறுக்கிப் பிடிங்க, தொய்ஞ்சா கணக்கு தப்பும்."
எட்டடி. அழித்து வரைந்தார்கள்.
நடைபாதை அகன்றதில் சலூன் சுருங்கியது.
தபால் அலுவலகத்து ஹெஸ்டர்
அந்தச் சலூனுக்காகச் சண்டைக்கு வந்தார்,
இல்லாத சலூனுக்கு,
அரை மணி நேரம், முகம் சிவக்க.
அப்போதுதான் எனக்குத் தோன்றியது,
இது நடந்துவிடலாம் என்று.

மூன்று மணிக்கு மழை.
முதலில் கதவு போனது, பிறகு படிக்கட்டு.
ஓடி எல்லோரும் நிலையத்துக் கூரையடியில் ஒதுங்க,
ரஸ்ஸல் மட்டும் நனைந்தபடி
வெள்ளைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்தார்.
"வடகிழக்கு மூலை தாழ்வு. அங்கதான் மரம் வைக்கணும்."
யாரிடம் சொன்னாரோ.

வாக்கெடுப்பு: ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று,
ஒருவருக்குக் காய்ச்சல்.
ஜனவரிக்குத் தள்ளிவைப்பு.
அன்றும் ரஸ்ஸல் எதிர்த்துத்தான் பேசினார்,
நான்காவது மாடியை.
மற்ற மூன்றையும் பென்சிலில் வரைந்து
சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.
அதில் மரங்கள் வேறு வேறு உயரம்.
'இணைப்பு ஈ' என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.

அவர் வீட்டுப் புல்வெளியில் அட்டை இன்னும் நிற்கிறது.

இன்று காலை காரை நிறுத்தப் போனபோது
டிக்கெட் இயந்திரத்தின் கூரைக்கடியில், மழை எட்டாத மூலையில்,
ஒரு விரற்கடை சுண்ணக்கோடு.
எந்தச் சுவரின் மிச்சமோ.
பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தினேன்.